கோப்பை 22, ரேட்டிங் 1473: வெளிநாட்டுப் போட்டிக்கு இப்போதே அனுப்பலாமா?

கேள்வி: எங்க பையன் 2015 மார்ச்சுல பொறந்தவன், அஞ்சாவது படிக்கறான். காங்கேயம், திருப்பூர், தாராபுரம்னு ஞாயித்துக்கிழமை நடக்கற ஸ்கூல் செஸ் போட்டியில இதுவரைக்கும் 22 கோப்பை வாங்கிட்டான். போன லீவுல மொதல் தடவையா கோயமுத்தூர்ல ரேட்டிங் போட்டிக்குக் கூட்டிட்டுப் போனோம். 9 ரவுண்டுல 3 புள்ளிதான். ரேட்டிங் இருக்கற 6 பேர்கிட்ட ஆடினதுல 2 புள்ளி. 1473னு ரேட்டிங் வந்திருக்குது. மத்த பசங்க மூணு மணி நேரம் உக்காந்திருக்க, இவன் ஒரு மணி நேரத்துல வெளிய வந்தர்றான். அஞ்சாவது ரவுண்டுல 34 மூவுல தோத்தப்ப கடிகாரத்துல இன்னும் 81 நிமிசம் மிச்சம் இருந்துச்சாம். “வெளிநாட்டுப் போட்டிக்குப் போனாத்தான் ஏறுவான், ரெண்டரை லட்சம் ஆகும்”கறாங்க அகாடமியில. வீட்டுக்காரர் பனியன் ஜாப் ஒர்க் பண்றார். சீட்டைத் தள்ளி எடுத்துடலாம்கறார். பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டு முழுநேரம் செஸ்னு விட்டுடலாமான்னும் பேச்சு ஓடுது. என்ன செய்யறதுங்க? எதிராளிகளோட ரேட்டிங் பட்டியலை இணைச்சிருக்கேன்.
— வாசகி, காங்கேயம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

சீட்டை இப்போது எடுக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தையும் நிறுத்த வேண்டாம். பையனிடம் சரக்கு இருக்கிறது. எங்கே தட்டுகிறது என்பதும் அந்த 81 நிமிடத்தில் தெரிகிறது.

கோவையில் அவன் ஆடியது 90 நிமிடம், மூவுக்கு 30 வினாடி கூடுதல் என்ற கணக்கு. 34 மூவுக்குக் கூடுதலாக 17 நிமிடம் சேரும். ஆக மொத்தம் 107 நிமிடம் கையில் இருந்தது. 81 மிச்சம் என்றால் அந்த ஆட்டம் முழுவதற்கும் அவன் செலவழித்தது 26 நிமிடம், அதாவது மூவுக்கு 46 வினாடி. எழுதுவதற்கும் கடிகாரத்தை அழுத்துவதற்கும் போக யோசித்த நேரம் இன்னும் குறைவு. ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆட்டம் முடிகிறது. அங்கே எதிரே இருக்கும் குழந்தை முதலில் தவறு செய்யும், இவன் அதைப் பிடித்துக்கொள்வான், கோப்பை வரும். ரேட்டிங் போட்டியில் எதிராளி தானாகத் தவறு செய்வதில்லை, உட்கார்ந்து யோசிக்கிறான். உங்கள் பையன் நீள ஆட்டத்தையும் ஞாயிற்றுக்கிழமை வேகத்தில் ஆடிக்கொண்டிருக்கிறான். இந்தப் பழக்கத்தோடு எந்த ஊருக்குப் போனாலும் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவான்.

ரேட்டிங் என்பது ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண். 1473 எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2024 மார்ச்சிலிருந்து உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே, புதிதாக ரேட்டிங் பெறுபவருக்கு 1800 ரேட்டிங் உள்ள இரண்டு பேரோடு டிரா செய்ததாகக் கற்பனையாகச் சேர்த்துக் கணக்கிடுகிறது. உங்கள் பட்டியலில் உள்ள 6 பேரின் சராசரி 1480. இரண்டு 1800ஐயும் சேர்த்தால் சராசரி 1560. புள்ளி 2 என்பது 8க்கு 3 ஆகிறது. அந்த விழுக்காட்டுக்கு 87 கழியும், அதனால் 1473. ரேட்டிங்கின் தரையே 1400 என்பதால், தரைக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கிறான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் இங்கிருந்துதான் கிளம்புகிறார்கள்.

இனி இந்த எண் ஊஞ்சல் மாதிரி ஆடும். 18 வயது நிறையும் ஆண்டு முடியும்வரை, ரேட்டிங் 2300க்குக் கீழே இருந்தால், ஒவ்வொரு ஆட்டத்தின் ஏற்ற இறக்கமும் 40ஆல் பெருக்கப்படும். சம பலமுள்ளவரை ஜெயித்தால் 20 ஏறும். 200 கூடுதலாக உள்ளவரை ஜெயித்தால் 30 ஏறும், 200 குறைவாக உள்ளவரிடம் தோற்றால் 30 இறங்கும். நம் ஊர்க் குழந்தைகள் பலரின் ஆட்டம் அவர்களுடைய ரேட்டிங்கைவிட முன்னால் ஓடிக்கொண்டிருப்பதால், 1450 என்று எழுதியிருக்கும் பையன் 1650க்கு ஆடுவான். அவனிடம் தோற்றால் ரேட்டிங் சரியும். வெளிநாட்டுக்கு ஓடும் பெற்றோர்கள் சொல்லும் காரணங்களில் நியாயமானது இது ஒன்றுதான். ஆனால் அது 2000க்கு மேல் போய் முட்டி நிற்பவர்களுக்கான கவலை. 1473இல் இருப்பவனுக்குப் பலமான எதிராளி திருப்பூரிலும் ஈரோட்டிலும் சேலத்திலுமே கிடைப்பான்.

வீட்டில் செய்ய வேண்டிய முதல் வேலை, மூவுகளை எழுதும் தாளான ஸ்கோர்ஷீட்டில் இருக்கிறது. அடுத்த நீள ஆட்டத்திலிருந்து, ஐந்து மூவுக்கு ஒருமுறை மூவுக்குப் பக்கத்தில் கடிகாரத்தில் மிச்சமுள்ள நிமிடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். விதி இதை அனுமதிக்கிறது. 20ஆம் மூவில் கடிகாரம் 60லிருந்து 70க்குள் இருந்தால் சரியான நடை. 90க்கு மேல் காட்டினால் கூடுதல் வினாடிகளைக்கூடத் தொடாமல் ஆடியிருக்கிறான் என்று அர்த்தம். “மெதுவா ஆடு கண்ணு” என்று நூறு தடவை சொல்வதைவிட இந்த எண்களை அவனே எழுதுவது வேலை செய்யும். எழுதும்போது ஓர் எச்சரிக்கை: காயை நகர்த்திய பிறகுதான் மூவை எழுத வேண்டும். யோசித்த மூவை முன்கூட்டியே எழுதிவைப்பது விதிப்படி தவறு.

இரண்டாவது, தோற்ற ஆட்டத்தைப் பிரித்துப் பார்ப்பது. பல வீடுகளில் ஆட்டம் முடிந்ததும் மொபைலில் ஏற்றி இன்ஜின் (ஆட்டத்தை மதிப்பிடும் செயலி) என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பையன் தெரிந்துகொள்வது, “இங்கே குதிரையை வைத்திருக்கணும்” என்பது மட்டும். ஏன் அதை வைக்காமல் போனான் என்பது அப்படியே புதைந்துவிடுகிறது. முதல் நாள் இன்ஜின் வேண்டாம். போர்டில் காய்களை அடுக்கி, பென்சிலோடு முழு ஆட்டத்தையும் திரும்ப ஆடட்டும். பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். உங்களுக்குச் செஸ் தெரிய வேண்டியதில்லை, மூன்று கேள்வி கேட்டால் போதும்: எதிராளி அடுத்து என்ன செய்வான் என்று நினைத்தாய்? வேறு எந்த மூவைப் பார்த்தாய்? எவ்வளவு நேரம் யோசித்தாய்? பதிலை அந்த மூவுக்கு எதிரே எழுதட்டும். மறுநாள் இன்ஜினைத் திறந்து, அது சிப்பாய்க் கணக்கில் காட்டும் மதிப்பீடு ஒன்றரைக்கு மேல் சரிந்த இடங்களை மட்டும் எடுங்கள். ஓர் ஆட்டத்தில் இரண்டு மூன்று இடம்தான் வரும்.

அந்த இடங்களை ஒரு நோட்டில் நான்கு தலைப்பில் போடுங்கள்: எதிராளியின் மிரட்டலைப் பார்க்கவில்லை, கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டான், எண்ட்கேம் (காய்கள் குறைந்த கடைசிக் கட்ட ஆட்டம்) தெரியவில்லை, அவசரம். இருபது ஆட்டம் சேர்ந்ததும் எந்தப் பக்கம் நிரம்பியிருக்கிறதோ அதுதான் அடுத்த மூன்று மாதப் பாடம். அகாடமி ஆசிரியரிடம் இந்த நோட்டைக் காட்டுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது பையனின் சொந்த ஆட்டத்தை அவனோடு உட்கார்ந்து பார்ப்பவர்தான் அவனுக்கு ஆசிரியர். ஆட்டத் தொடக்கமான ஓபனிங்கில் உள்ள பொறிகளை மட்டும் மொத்த வகுப்புக்கும் நடத்துகிறவரிடம் கட்டும் பணம் வீண். ஓபனிங் இந்த வயதில் மூன்று போதும்: வெள்ளைக்கு ஒன்று, எதிராளி ராஜா சிப்பாயைத் தள்ளினால் ஒன்று, ராணி சிப்பாயைத் தள்ளினால் ஒன்று.

எண்ட்கேமை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்கே வீட்டில் ஒரு சோதனை வையுங்கள். வெள்ளை ராஜா இ4 (e4) கட்டத்தில், வெள்ளைச் சிப்பாய் இ3, கறுப்பு ராஜா இ6. வேறு காய் கிடையாது. யார் ஜெயிப்பார் என்று கேளுங்கள். “யாரோட மூவ்?” என்று திருப்பிக் கேட்டால் பையன் தேறிவிட்டான். கறுப்பின் முறை என்றால் வெள்ளைக்கு வெற்றி. வெள்ளையின் முறை என்றால், கறுப்பு சரியாக ஆடினால் டிரா. இப்போது சிப்பாயை மட்டும் இ2க்கு இறக்கி வையுங்கள். யார் முறையானாலும் வெள்ளைக்கு வெற்றி, ஏனென்றால் இ3 என்ற ஒரு மூவைக் கையிருப்பில் வைத்திருந்து, வேண்டிய நேரத்தில் ஆடி முறையை எதிராளி தலையில் தள்ளிவிடலாம். ஒரு கட்டம்தான் வித்தியாசம். இது தெரியாத பையன் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு, ஜெயித்துவிட்டோம் என்று யானைகளை வெட்டிக்கொண்டு, டிராவில் வந்து நிற்பான். இதற்கு அடுத்தபடி யானை எண்ட்கேமில் லூசேனா, பிலிடோர் என்ற இரண்டு நிலைகள். அவற்றைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆட வேண்டும்.

வாரத்துக்குப் பத்துப் பதினொரு மணி நேரம் போதும், பள்ளிக்கூடம் அதற்கு இடைஞ்சல் இல்லை. ஆறு நாள் தினம் 40 நிமிடம் பஸில். மொபைலில் தட்டித் தட்டிப் பார்ப்பது பயிற்சி ஆகாது, அது முதல் மூவை ஊகிக்கத்தான் பழக்கும். நிலையைப் போர்டில் அடுக்கி, காயைத் தொடாமல், கடைசி மூவு வரை தாளில் எழுதிவிட்டுப் பிறகு விடையைப் பார்க்கட்டும். கடினமானதாக ஐந்தாறு போதும். வாரத்தில் இரண்டு நாள் முக்கால் மணி நேரம் எண்ட்கேம். ஞாயிற்றுக்கிழமை, 1500, 1600 ரேட்டிங் உள்ள ஓர் அண்ணனோடு, 60 நிமிடமும் மூவுக்கு 30 வினாடியும் வைத்து, எழுதி ஆடும் ஓர் ஆட்டம். மிச்ச நேரம் அதைப் பிரித்துப் பார்க்க. கோப்பைப் போட்டிகளை இரண்டு மாதத்துக்கு ஒன்றாகக் குறையுங்கள். மூன்று நிமிட ஆன்லைன் ஆட்டத்தை வார நாட்களில் அடியோடு நிறுத்துங்கள், 46 வினாடிப் பழக்கத்துக்கு அதுவும் தீனி.

நீளப் போட்டிகள் ஆண்டுக்கு ஐந்தாறு போதும், முடிந்தவரை விடுமுறையில். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று வாரமாவது விடுங்கள். நாளுக்கு இரண்டு ரவுண்டு என்றால், 60 மூவ் போகும் ஓர் ஆட்டம் நான்கு மணி நேரம் வரை இழுக்கும். நடுவில் வயிறு முட்ட அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் போட்டால் மதிய ரவுண்டில் கண் சொக்கும். கொஞ்சம் தயிர்சோறு, ஒரு வாழைப்பழம், தண்ணீர். காலை ஆட்டத்தை அந்த இடைவேளையில் இன்ஜினில் காட்டாதீர்கள்.

விதி தெரியாமல் இழக்கும் புள்ளிதான் மனசுக்குக் கஷ்டம். கோட்டை கட்டும்போது (காஸ்லிங்) ராஜாவை முதலில் தொட வேண்டும். யானையைத் தொட்டுவிட்டு ராஜாவைத் தொட்டால் அந்த மூவில் கோட்டை கட்ட முடியாது. கடைசிக் கட்டத்துக்குப் போன சிப்பாய்க்கு ராணி பக்கத்தில் இல்லை என்றால் கடிகாரத்தை நிறுத்தி, நடுவரான ஆர்பிட்டரிடம் கேட்க வேண்டும். யானையைத் தலைகீழாக வைத்துவிட்டு ராணி என்று சொன்னால் செல்லாது, அது யானைதான். ஒரே நிலை மூன்றாம் முறை வரப்போகிறது என்றால், அந்த மூவை ஆடாமல் தாளில் எழுதி ஆர்பிட்டரைக் கூப்பிட வேண்டும். ஆடிவிட்டுக் கேட்டால் தள்ளிவிடுவார்கள். முறையற்ற மூவுக்கு முதல்முறை எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதல், இரண்டாம் முறை தோல்வி. இவற்றை வீட்டிலேயே நடித்துக் காட்டிப் பழக்குங்கள்.

வெளிநாட்டுக்கு நேரான வழி மாவட்டத் தேர்வு, மாநிலம், தேசியம் என்று போகிறது. நம் நாட்டில் 7, 9, 11, 13, 15, 17 என்று ஒற்றைப்படை வயதுப் பிரிவுகள் இருப்பது, இந்த ஆண்டு 11க்குள் தேர்வாகிறவர் அடுத்த ஆண்டு சர்வதேசப் போட்டியில் 12க்குள் ஆடுவதற்காக. வயது ஜனவரி 1ஐ வைத்துக் கணக்கு. 2015இல் பிறந்தவனுக்கு 11 வயதுப் பிரிவில் 2026தான் கடைசி. அதற்குள் அவசரப்படுத்தாதீர்கள். 13 வயதுப் பிரிவு 2027, 2028 இரண்டு ஆண்டும் கிடைக்கும், இரண்டாம் ஆண்டில் அவன் பிரிவின் மூத்தவர்களில் ஒருவனாக இருப்பான். 2028ஐக் குறி வையுங்கள். உலக இளையோர் போட்டிகளில் ஒரு பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஓர் ஆட்டக்காரருக்குத்தான் தங்குமிடமும் சாப்பாடும் நடத்துவோர் பொறுப்பு. கூடுதலாகப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் சொந்தச் செலவு. அகாடமி சொல்லும் இடம் எது, தேர்வாகிப் போகும் இடமா, பணம் கட்டினால் யாரும் போகும் இடமா என்று நேராகக் கேளுங்கள்.

முப்பது நீள ஆட்டம் முழு ஸ்கோர்ஷீட்டோடு கையில் இருந்து, ரேட்டிங் 1700ஐத் தாண்டி இரண்டு போட்டி அங்கேயே நின்று, மாநிலப் போட்டியில் முன்வரிசைப் போர்டுகளில் ஆடத் தொடங்கினால் அப்போது சீட்டைப் பற்றிப் பேசுங்கள். தூரத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனது 1988இல், கோவையில் நடந்த சக்தி பைனான்ஸ் சர்வதேசப் போட்டியை வென்றுதான். 2019இல் கிராண்ட்மாஸ்டர் ஆன இனியன் ஈரோட்டுக்காரர்.

பாஸ்போர்ட்டை மட்டும் அவசரமில்லாத இப்போதே எடுத்துவிடலாம். பிறப்புச் சான்றிதழிலும் பள்ளியிலும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, ஃபிடே பதிவில் வேறு எழுத்து என்று மூன்று விதமாகப் பெயர் இருந்தால் பதிவின்போதும் விசாவின்போதும் அலைய வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே எழுத்தில் கொண்டுவந்துவிட்டு விண்ணப்பியுங்கள். அவன் வயதுக்கு பாஸ்போர்ட் 5 ஆண்டுதான் செல்லும். பல நாடுகள் ஆறு மாதமாவது மிச்சம் கேட்கும் என்பதால் காலாவதித் தேதியை அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.