இடைவெளி விட்டால் ஏமாளியா?

கேள்வி: நெடுஞ்சாலையில் முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விடச் சொல்லி எழுதுகிறீர்கள். விட்டால் உடனே ஒருவர் நடுவில் நுழைந்துவிடுகிறார். ஒட்டியே போனால்தான் என்ன? என் காரில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் இருக்கிறது. இருபது வருடமாக ஓட்டுகிறேன், ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

பதில்: அந்தப் பெருமையில் பாதியை உங்களுக்கு முன்னால் போனவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் யாரும் திடீரென்று நிற்கவில்லை, அவ்வளவுதான்.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு 28 மீட்டர் பாய்கிறது. முன்வண்டியின் சிவப்பு பிரேக் விளக்கு எரிவதைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்கு வருவதற்குள் சாதாரணமாக ஒன்று, ஒன்றரை வினாடி ஓடிவிடும். ஒட்டிப் போகிறவர் விடும் 10 மீட்டர் அரை வினாடிக்குக்கூடக் காணாது. நீங்கள் பிரேக்கை மிதித்த பிறகுதான் ஏபிஎஸ்ஸுக்கு வேலை. அதற்கு முன்னால் அது என்ன செய்யும், பாவம்!

“முன்னால் போகிறவரும் பிரேக் போட்டுத்தானே நிற்பார்” என்பீர்கள். பழுதாகி நிற்கும் லாரியைப் பார்த்து அவர் பிரேக்கே போடாமல் சட்டென்று ஒதுங்கினால்? உங்களுக்கு எந்தச் சிவப்பு விளக்கும் எரியாது, நேராக லாரிதான். அதிலும் ஒரு கன்டெய்னர் வண்டியை ஒட்டிப் போகிறவர் சாலையையே பார்ப்பதில்லை. அதன் பின்கதவைப் பார்த்துக்கொண்டு போகிறார்.

சரி, நடுவில் நுழைகிறவர் விஷயம். ஒருவர் நுழைந்தால் மறுபடி இடைவெளி விட உங்களுக்கு ஆகும் செலவு இரண்டு வினாடி. முப்பது பேர் நுழைந்தாலும் ஒரு நிமிடம். அதை மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறீர்கள்?

ஓட்டிக்கொண்டே மீட்டர் கணக்குப் பார்க்க முடியாது. முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று நிதானமாகச் சொல்லுங்கள். முடிப்பதற்குள் கம்பம் வந்துவிட்டால் இடைவெளி போதாது. மழை என்றால் நான்கு வரை எண்ண வேண்டும். அப்புறம், பின்னால் ஒருவர் உங்களை ஒட்டி வந்தால் எரிச்சலில் வேகத்தைக் கூட்டாதீர்கள். முன்னால் இடைவெளியைக் கூட்டுங்கள். நீங்கள் பதறாமல் பிரேக் போட்டால்தான் அவருக்கும் நிற்க நேரம் கிடைக்கும். அவரும் இருபது வருடமாக ஓட்டுகிறவராக இருக்கலாம்.