எஞ்சின் கேள்வி-பதில்: பரவைக்கடலுக்கு எத்தனை குதிரைவலு?

கேள்வி: அண்ணை, 18 அடி பைபர் படகில் நண்டு வலை விடுகிறேன். கரையிலிருந்து கனதூரம் முழங்கால் தண்ணீர், பிறகு இடுப்பளவு, அதற்குப் பிறகுதான் ஆழம். பழைய 8 குதிரைவலு எஞ்சின் முடிந்துவிட்டது. கடைக்காரர் 25 எடுங்கோ, பிறகு கவலைப்படமாட்டீங்கள் என்கிறார். மச்சான் 15 காணும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
*நாச்சிக்குடா வாசகர்*

பதில்: இந்த முறை மச்சானைக் கேளுங்கோ தம்பி. ஆனால் 15 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு கடைக்குப் போய்விடாதீர்கள், பரவைக்கடலில், அதாவது இப்படி ஆழம் குறைந்த கடலில், குதிரைவலுவுக்கு முதல் பார்க்கவேண்டியது எஞ்சினின் கால் நீளம், அதாவது தண்ணீருக்குள் இறங்குகிற பகுதியின் நீளம்.

படகைச் சமமான மணலில் ஏற்றி, எஞ்சின் பூட்டுகிற பின்பலகையின் மேல் விளிம்பின் நடுவிலிருந்து அடித்தளம் வரை நேராக அளந்து பாருங்கள். 15 அங்குலம் அளவில் வந்தால் குட்டைக்கால் எஞ்சின், 20 வந்தால் நெட்டைக்கால். புறொப்பெல்லருக்கு மேலே தட்டையாக ஒரு தகடு நீட்டிக்கொண்டு நிற்கும் அல்லவா, அது படகின் அடித்தளத்துக்கு நேராகவோ ஒரு விரல் கீழாகவோ இருக்கவேண்டும். அந்தத் தகட்டிலிருந்து எஞ்சின் காலின் அடிநுனி வரை ஏறக்குறைய ஒரு அடி இருக்கும், சரியாகப் பூட்டினாலும் அந்த ஒரு அடி படகுக்குக் கீழேதான் தொங்கும், அதைத் தவிர்க்க வழியில்லை. ஆனால் பாவித்த எஞ்சின் மலிவாகக் கிடைக்கிறதென்று 15 அங்குலப் பலகையில் நெட்டைக்காலைக் கொண்டுவந்து பூட்டினால் இன்னும் 5 அங்குலம் கீழே இறங்கிவிடும். முழங்கால் தண்ணீரில் அந்த 5 அங்குலத்துக்காகத்தான் பாதித் தூரம் எஞ்சினைத் தூக்கிவிட்டு மரக்கோல் ஊன்றவேண்டி வரும். பல பேர் இதை எஞ்சினின் பழுது என்று நினைத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோகிறார்கள்.

இனி குதிரைவலு. உங்கள் படகு மெதுவாக, தண்ணீரைப் பிளந்துகொண்டு போனால் மணிக்கு ஐந்து, ஐந்தரை கடல்மைல்தான் அதன் இயல்பான ஓட்டம், அது படகின் நீளம் தீர்மானிக்கிற விஷயம். அந்த ஓட்டத்துக்கு 8 குதிரைவலு தாராளம். அதற்கு மேலே போகவேண்டுமென்றால் படகு தண்ணீருக்கு மேலே எழும்பி வழுக்கி ஓடவேண்டும், அதற்கு ஒரு குதிரைவலுவுக்கு மொத்தப் பாரம் 20, 25 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது பொதுக்கணக்கு. மொத்தப் பாரம் என்றால் படகு, எஞ்சின், எண்ணெய்க் கான், ஐஸ், வலை, நீங்கள், கூட வருகிறவர், பிடித்த நண்டு எல்லாம். கூட்டிப் பாருங்கள், நனைந்த வலையைக் கூட்ட மறக்கவேண்டாம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு கெட்ட நிலை இருக்கிறது. எழும்பவும் முடியாமல், மெதுவாகப் போகவும் மனமில்லாமல் எஞ்சினை முறுக்கிக்கொண்டு போகும்போது அணியம் (படகின் முன்பக்கம்) வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் அமிழும், பின்னால் பெரிய அலை கிளம்பும். படகு ஆகக் கூடுதலான ஆழத்துக்கு அமிழ்வது அப்போதுதான், எண்ணெய் வீணாகப் போவதும் அப்போதுதான். குறைந்த தண்ணீரில் இது இன்னும் மோசமாகும், ஏனென்றால் படகுக்கும் தரைக்கும் நடுவில் தண்ணீர் வேகமாக ஓடி பின்பக்கத்தைக் கீழே இழுக்கும். சும்மா நிற்கும்போது தட்டாத படகு முறுக்கும்போது தட்டுவது இதனால்தான்.

25 எடுத்தால் எழும்பும், உண்மைதான். ஆனால் இரண்டடித் தண்ணீரில் சாதாளைக்கு (கடற்புல்) மேலே, மற்றவர்களின் வலைகளுக்கு நடுவே எங்கே முறுக்கப்போகிறீர்கள்? 15 குதிரைவலு ரூ-ஸ்ட்ரோக் எஞ்சின் 36 கிலோ அளவில் இருக்கும், 25 ஏறக்குறைய 50 கிலோ. அந்த மேலதிகப் பாரம் முழுவதும் ஏற்கெனவே அமிழ்கிற பின்பலகையில்தான் தொங்கும். முழு முறுக்கில் 15 எஞ்சின் மணிக்கு ஆறு, ஏழு லீற்றர் குடித்தால் 25 பத்துக்கு மேலே போகும். கடைக்காரர் கவலைப்படமாட்டீங்கள் என்றது யாருடைய கவலையை என்று தெரியவில்லை.

அப்படியென்றால் பழையபடி 8 போதாதா என்று கேட்பீர்கள். காற்றில்லாத நாளில் போதும். சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்பி, அணியத்துக்கு நேரே அலை அடிக்க, பாரத்தோடு திரும்பவேண்டிய நாளில் 8 முக்கும், கையில் மிச்சம் ஒன்றும் இருக்காது. 15 அந்த மிச்சத்தைத் தரும். இடுப்பளவு தண்ணீர் வரை அரை முறுக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு, ஆழம் வந்தபிறகு தேவையென்றால் ஏற்றுங்கள். பாரத்தோடு வரும்போது எழுப்பப் பார்க்கவேண்டாம், 15 அதற்குக் காணாது, நடு நிலையில் மாட்டிக்கொண்டு எண்ணெயைத்தான் கொட்டுவீர்கள். நாளாந்தம் இரணைதீவுக்கு அப்பால் ஓடுகிறவராக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

புறொப்பெல்லரையும் பார்த்து வாங்குங்கள். அதில் இரண்டு எண் வெட்டியிருக்கும், முதலாவது விட்டம், இரண்டாவது ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னே தள்ளும் என்ற கணக்கு. பாரப் படகுக்கு இரண்டாவது எண் ஒன்றோ இரண்டோ குறைந்தது நல்லது, வேகம் கொஞ்சம் குறையும், இழுவை கூடும், எஞ்சின் மூச்சு முட்டாது. போர்-ஸ்ட்ரோக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: எண்ணெய் குறைவு, சத்தம் குறைவு, ஆனால் அதே 15 குதிரைவலு 50 கிலோவைத் தொடும்.

கேள்வி: நந்திக்கடல் களப்பில் தோணியில் இறாலுக்குப் போகிறேன். 5 குதிரைவலு சின்ன எஞ்சின் ஒன்று பூட்டலாமா?
*வட்டுவாகல் வாசகர்*

பதில்: பூட்டுவதற்கு முதல் கடற்றொழில் பரிசோதகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது, அதனால் வனசீவராசிகள் திணைக்களத்தின் கையும் அங்கே இருக்கிறது. அனுமதி இருந்தாலும் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. வெயில் காலத்தில் தண்ணீர் வற்றி சேறு மேலே வரும்போது எஞ்சின் தண்ணீரையல்ல, சேற்றைத்தான் உறிஞ்சும். தோணியின் பின்பக்கமும் எஞ்சினின் உதறலைத் தாங்குவதற்குச் செய்ததல்ல, பலகை போட்டுப் பலப்படுத்தாமல் பூட்டினால் பொருத்துகள் விடும். களப்பில் மரக்கோல்தான் இன்னும் நல்ல எஞ்சின்.

கேள்வி: எஞ்சின் ஓடும்போது பக்கத்தால் பீச்சுகிற தண்ணீர் மெலிந்துபோய்விட்டது. ஓட்டலாமா?
*கொக்கிளாய் வாசகர்*

பதில்: ஓட்டவேண்டாம். நிற்பாட்டிவிட்டு முதலில் தடித்த தங்கூசித் (நைலோன் நரம்பு) துண்டொன்றை அந்தத் துளைக்குள் விட்டுப் பாருங்கள், பல நேரம் உப்போ மணலோதான் அடைத்திருக்கும். அடைப்பு இல்லையென்றால் காலுக்குள் இருக்கிற தண்ணீர்ப் பம்பின் றப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கவேண்டும். மணல் தண்ணீரில் ஓடுகிற எஞ்சினில் அது சீக்கிரம் தேயும். கழற்றிப் பார்த்தால் இதழ்கள் ஒரு பக்கம் மடிந்து விறைத்துப்போய் நிற்கும், நுனி வெடித்திருக்கும். இம்பெல்லரின் விலை சிறிது, சூட்டில் பிஸ்டன் இறுகினால் வருகிற செலவு அப்படியல்ல. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் வாளியில் காலை விட்டு, தண்ணீர் உள்ளே எடுக்கிற துளைகள் அமிழ்ந்திருக்கிறதா என்று பார்த்து, கியர் போடாமல் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள்.

கேள்வி: மண்ணெண்ணெய்யில் ஓடுகிற எஞ்சின் இன்னும் லாபமா?
*முழங்காவில் வாசகர்*

பதில்: முன்போல இல்லை. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனபோதே அந்தக் கணக்கு மாறிவிட்டது, ஆகவே இன்றைய இரண்டு விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதே அளவு எஞ்சின் மண்ணெண்ணெய்யில் பெற்றோலை விடக் குறைந்த வலுதான் தரும், பிளக்கில் கரியும் கூடப் பிடிக்கும். வைத்திருக்கிறீர்கள் என்றால் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடேறிய பிறகு மாற்றுங்கள், கரைக்கு வருவதற்குக் கொஞ்சம் முதல் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றி ஓடவிட்டு நிற்பாட்டுங்கள். காபிரேற்றருக்குள் மண்ணெண்ணெய் நின்றால் அடுத்த நாள் விடிய கயிறு இழுத்தே தோள் கழன்றுவிடும்.