முதல் அம்பே கணக்கு: மான் வேட்டைக்கு முன் வில்லாளர் தம்மைச் சோதித்துக்கொள்வது எப்படி?

கேள்வி: விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் பத்து ஆண்டுகளாக வசிக்கிறேன். சென்ற ஆண்டு 55 பவுண்டு இழுவிசை கொண்ட, கப்பிகள் வைத்த காம்பவுண்ட் வில் ஒன்றை வாங்கி, வாரத்தில் மூன்று நாள் பயிற்சி செய்து வருகிறேன். 30 கஜத்தில் ஐந்து அம்பு எய்தால் நான்கு அம்புகள் காகிதத் தட்டுக்குள் தைக்கின்றன. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துவிட்டேன். அலுவலக நண்பர் ஒருவர், தம் குடும்பத்துக்குச் சொந்தமான காட்டுக்கு அக்டோபரில் அழைத்திருக்கிறார். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. "40 கஜம் வரை தாராளமாக எய்யலாம்" என்கிறார் அவர். நான் தயாராகிவிட்டேனா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் உள்ள எண்களை அப்படியே எடுத்துக்கொண்டால், 40 கஜம் இந்த ஆண்டு வேண்டாம், 30 கஜமும் இப்போதைக்கு வேண்டாம். 20 கஜத்துக்குள் வந்து நிற்கும் மானை எய்யலாமா என்பதுதான் உண்மையில் உங்கள் முன் உள்ள கேள்வி. அதற்கான விடையை உங்கள் பயிற்சித் திடல் இன்னும் தரவில்லை. ஐந்தில் நான்கு என்பது திடலில் குறை சொல்ல முடியாத கணக்குத்தான். ஆனால் காட்டில் அந்த ஐந்தாவது அம்பு மானின் வயிற்றிலோ தொடையிலோ தைக்கும். அந்த மான் அம்போடு ஓடி மறைந்து, யார் கண்ணிலும் படாமல் எங்கோ ஒரு புதரில் மெல்லச் சாகும்.

அம்பு கொல்லும் விதம் துப்பாக்கிக் குண்டு கொல்லும் விதம் அன்று. கூரிய அலகுகள் நுரையீரலையோ இதயத்தையோ பெரிய குருதிக் குழாய்களையோ அறுக்க, இரத்தம் விரைவாக வெளியேறுவதால்தான் மான் விழுகிறது. வெள்ளைவால் மான் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலை ஒட்டிச் சற்றுப் பின்னே அமைந்திருக்கும் இந்த உயிர்நிலை ஏறத்தாழ 8 அங்குல விட்டமுள்ள ஒரு வட்டம் என்று கொள்ளலாம். கடைகளில் விற்கும் சாப்பாட்டுக் காகிதத் தட்டு பெரும்பாலும் 9 அங்குலம் இருக்கும். அதாவது, உங்கள் இலக்கே மானைவிடத் தாராளமானது. இனி 6 அங்குலச் சிறிய தட்டுக்கு மாறிவிடுங்கள். உயிர்நிலைக்கும் தட்டுக்கும் உள்ள அந்த இரண்டு அங்குல வேறுபாடு, மானின் அசைவுக்கும் உங்கள் படபடப்புக்கும் ஒதுக்கி வைத்த பங்கு.

அடுத்தது, எந்த அம்பை எண்ணுவது என்பது. திடலில் நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: முதல் சில அம்புகளில் உடலைச் சூடேற்றிக்கொண்டு, பிறகு நன்றாக விழும் தொகுதியைப் பார்த்து, அதுவே நம் திறம் என்று நம்புகிறோம். மான் அந்த வசதியைத் தருவதில்லை. மூன்று மணி நேரம் குளிரில் அசையாமல் உட்கார்ந்திருந்த கையோடு, ஒத்திகை இல்லாமல் எய்யும் முதல் அம்பு மட்டுமே அங்கே உண்டு. ஆகவே இன்று முதல் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் வில்லை எடுத்தவுடன், வேறு எந்தப் பயிற்சிக்கும் முன்னால், 20 கஜத்தில் ஒரே ஓர் அம்பை 6 அங்குலத் தட்டில் எய்து, உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதை மட்டும் எழுதுங்கள். அதன் பிறகு எத்தனை அம்பு வேண்டுமானாலும் எய்துகொள்ளலாம். அவை எதுவும் கணக்கில் சேராது.

பத்து நாளில் பத்தும் உள்ளே விழுந்தாலும் மகிழ்ந்துவிட வேண்டாம். நான்கில் ஓர் அம்பைத் தவறவிடும் ஒருவருக்கும், நல்ல காலத்தால் மட்டுமே பத்தும் உள்ளே விழ ஏறத்தாழ இருபதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பது எளிய நிகழ்தகவுக் கணக்கு. தொடர்ந்து முப்பது முதல் அம்புகள் தவறாமல் விழுந்தால்தான், உங்கள் தவறுதல் பத்தில் ஒன்றுக்குக் குறைவு என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். உங்களிடம் அறுபது நாள் இருக்கிறது. இடையில் ஓர் அம்பு வெளியே போனால் முதலிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். கடுமையாகத் தோன்றும், என் அனுபவத்தில் இந்த ஒரு சோதனையைப் போல வில்லாளரின் அகந்தையைக் குறைப்பது வேறில்லை.

உங்கள் நண்பரின் 40 கஜத்துக்கு வருவோம். அமெரிக்காவில் வில்லுக்கென்று தனி மான் வேட்டைப் பருவம் முதன்முதலில் 1934-இல் உங்கள் மாநிலத்தில்தான், உங்கள் ஊருக்கு அடுத்துள்ள கொலம்பியா, சாக் ஆகிய இரு கவுண்டிகளில் தொடங்கியது. அன்றைய மரவில்லுக்கும் இன்றைய கப்பி வைத்த வில்லுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. மானின் காது மட்டும் அன்று இருந்ததுபோலவே இருக்கிறது. நாண் விடுபடும் ஓசை கேட்டதும், பாய்ந்து ஓடுவதற்காக மான் தன் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்துகிறது. உங்கள் அம்பு நொடிக்கு 260 அடி வேகத்தில் போவதாகக் கொள்வோம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,100 அடி போகிறது. ஓசை கேட்டபின் பத்தில் ஒரு நொடியில் மான் தாழத் தொடங்கி, தடையின்றி விழும் பொருளின் வேகத்திலேயே தாழ்கிறது என்று வைத்துக் கணக்கிட்டால், 20 கஜத்தில் அம்பு சேரும்போது அது ஏறத்தாழ ஓர் அங்குலம் தாழ்ந்திருக்கும். 40 கஜத்தில் ஓர் அடி தாழ்ந்திருக்கும். தொலைவு இரண்டு மடங்கானால் பிழை இரண்டு மடங்குதான் ஆகும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 40 கஜத்தில் நீங்கள் துல்லியமாக எய்தாலும், அம்பு போய்ச் சேரும்போது மான் அங்கே இல்லாமல் போகலாம். எல்லா மானும் எப்போதும் இப்படித் தாழ்வதில்லை. எது தாழும் என்று முன்கூட்டி அறிய வழியும் இல்லை.

தொலைவைக் கண்ணால் மதிப்பிடுவதும் இதே வகையான கேடு. அதே வேகமுள்ள அம்பை, வில்லில் குறிபார்க்க 20 கஜத்துக்கென்று அமைத்த குறிமுனையை வைத்து 25 கஜத்தில் உள்ள மானை எய்தால், அம்பு சுமார் 2 அங்குலம் கீழே தைக்கும். 40-க்கு உரியதை வைத்து 45-இல் எய்தால், 5 அங்குலத்துக்கு மேல் கீழே போய்விடும். 8 அங்குல வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புக்கு 4 அங்குலம்தான். தொலைவுமானி வாங்குங்கள். அதைவிட முக்கியமாக, மரத்தில் கட்டிய பரணில் ஏறியதும் நான்கு திசையிலும் 20 கஜத்தில் உள்ள ஒரு மரத்தையோ கல்லையோ அளந்து மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மான் வந்தபின் அளக்க நேரம் இருக்காது.

பரண் என்றதும் ஒரு விஷயம். நின்றபடி, சமதளத்தில், டி-சட்டை அணிந்து எய்தவர் பரணில் ஏறினால் அநேகமாகப் புதிய வில்லாளர்தான். 20 அடி உயரப் பரணிலிருந்து, மரத்தடிக்கு 20 கஜம் தள்ளி நிற்கும் மானுக்கு நேர்தொலைவு 21 கஜம்தான். எனவே உயரத்தால் குறிமுனை அதிகம் மாறாது. மாறுவது உங்கள் உடல். கையை மட்டும் தாழ்த்திக் கீழே எய்தால் தோளும் கண்ணும் நாணும் அமைந்த ஒழுங்கு கெட்டு அம்பு தவறும். இடுப்பிலிருந்து வளைந்து, மேலுடலின் அமைப்பை அப்படியே காக்க வேண்டும். வில்வித்தைச் சங்கங்கள் பலவற்றில் இதற்கென்றே மேடை இருக்கும், கேட்டுப் பாருங்கள். அக்டோபரில் அணியப்போகும் தடித்த மேலங்கி, கையுறை, பாதுகாப்புப் பட்டை ஆகியவற்றை இப்போதே அணிந்து எய்யுங்கள். சட்டைக் கை நாணில் உரசினால் அம்பு எங்கே போகும் என்பதைத் திடலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. முழு உடல் பாதுகாப்புப் பட்டை, தரையில் கால் இருக்கும்போதே மாட்டி, தரைக்குத் திரும்பிய பின்பே கழற்ற வேண்டியது. மரத்திலிருந்து விழுவதே இந்த வேட்டையின் பெரிய ஆபத்து.

இழுவிசைக்கும் ஒரு சோதனை உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து, வில்லை வானத்தை நோக்கித் தூக்காமல், இலக்கை நோக்கியபடியே நாணை மெதுவாக இழுங்கள். முடியவில்லையென்றால் 55 பவுண்டு உங்களுக்கு அதிகம். 50-க்கு இறக்கிக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. விஸ்கான்சினில் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச இழுவிசை 30 பவுண்டுதான். முழுவதும் இழுத்தபின் கப்பிகள் 80 சதவீதச் சுமையைத் தாங்கும் வில்லானால், உங்கள் விரலில் நிற்பது 11 பவுண்டு. அதை ஒரு நிமிடம் அசையாமல் பிடித்திருந்து பிறகு தட்டில் எய்ய முடிகிறதா என்று பாருங்கள். மான் ஒரு மரத்தின் பின்னால் நின்று இலை மென்றுகொண்டிருக்கும் நேரம் அது.

வேட்டைக்கான வெட்டலகு முனையைப் பலர் கடைசி வாரத்தில்தான் பெட்டியிலிருந்து எடுக்கிறார்கள். பயிற்சி முனையும் வெட்டலகு முனையும் ஒரே எடை, எடுத்துக்காட்டாக 100 கிரெய்ன் (சுமார் ஆறரை கிராம்), இருந்தாலும் நிலையான அலகுள்ள முனை காற்றைப் பிடித்துக்கொண்டு வில்லின் சிறு கோணலைக்கூடப் பெரிதாக்கிக் காட்டும். 20 கஜத்தில் இரண்டும் ஒரே இடத்தில் விழவில்லையென்றால், உடனே குறிமுனையைத் திருகாமல், வில்லைக் கடைக்குக் கொண்டுபோய் அம்பு நேராகப் புறப்படும்படி சரிசெய்யச் சொல்லுங்கள். பயிற்சியில் எய்த அலகுகள் மழுங்கியிருக்கும்; வேட்டைக்குப் புதியவற்றை மாட்ட வேண்டும். அலகின் அகலம் குறைந்தது 7/8 அங்குலம் இருக்க வேண்டும், கூர்மையாக இருக்க வேண்டும் என்பதும் உங்கள் மாநிலச் சட்டம். 1973 ஜனவரி 1-ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு நீங்கள் முடித்த அந்த வகுப்பு கட்டாயம். சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது இந்த ஆர்வத்தையும் கூடவே எடுத்துப் போக வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம்.

எப்போது எய்யக் கூடாது என்பதும் தயார்நிலையில் சேரும். பக்கவாட்டில் நிற்கும் மான், அல்லது உங்களிடமிருந்து சற்று விலகித் திரும்பி நிற்கும் மான், இவ்விரண்டு மட்டுமே உங்களுக்கு. நேருக்கு நேர் நிற்பது, பரணுக்கு நேர் கீழே நிற்பது, நடந்துகொண்டிருப்பது, காது விறைத்து உங்களையே பார்ப்பது ஆகியவற்றை விட்டுவிடுங்கள். இடையில் விரலளவு சுள்ளி இருந்தாலும் அம்பு திசை மாறும். மானின் பின்னால் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை வீழ்த்தினான் என்று வல்வில் ஓரியைப் புகழ்வது நம் வழக்கம். இன்றைய வில்லின் அம்பும் மானை ஊடுருவி மறுபுறம் வெளியேறுவது சாதாரணம், அங்கே இன்னொரு மான் நின்றால் அது புகழுக்குரிய செயல் அன்று.

படபடப்பை முழுவதும் ஒத்திகை பார்க்க முடியாது. இருந்தாலும் இரண்டு நிமிடம் ஓடிவிட்டு, மூச்சு வாங்க நின்று ஓர் அம்பு எய்து பாருங்கள். எய்தபின் செய்ய வேண்டியதையும் நண்பரிடம் இப்போதே பேசி வையுங்கள்: நுரையீரலில் தைத்தது என்று தெரிந்தாலும் அரை மணி நேரமாவது பரணிலேயே இருங்கள், வயிற்றில் தைத்தது என்ற ஐயம் வந்தால் பல மணி நேரம் காத்திருந்தே தடம் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் மான் மேலும் ஓடிப்போகும்.

பயணத்தில் வில் இடிபட்டிருக்கலாம். ஆகவே நண்பரின் காட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், முதல் வேலையாக 20 கஜத்தில் அந்தச் சிறிய தட்டை வைத்து ஒரே ஓர் அம்பை எய்யுங்கள். அது வெளியே விழுந்தால், அன்று வில்லை வண்டியிலேயே வைத்துவிட்டுப் பரணில் ஏறி, மான்கள் எந்தத் தடத்தில், எத்தனை மணிக்கு வருகின்றன என்று பார்த்துக்கொண்டிருங்கள். வில் வேட்டைப் பருவம் ஜனவரித் தொடக்கம் வரை இருக்கிறது.