சுண்டலும் கொலுவும்: ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். நான்காவது படிக்கும் மகன், பள்ளியில் சரஸ்வதி பூஜைக்குக் கொடுத்த சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு வந்தான். மாமா கோபத்தில், "முஸ்லிம் ஸ்கூலுக்கே மாத்திடுங்க" என்கிறார். எட்டாவது படிக்கும் மகளோ, "என் ஃப்ரெண்டு வந்து நோன்புக் கஞ்சி குடிக்கிறா, அவ வீட்டுக் கொலுவுக்கு மட்டும் நான் ஏன் போகக்கூடாது?" என்று கேட்கிறாள். தடுத்தால் சண்டை. விட்டால் தீன் (மார்க்கம்) போய்விடுமோ என்று பயம். என்ன செய்வது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம்.

படைத்ததைச் சாப்பிடுவதில்லை என்பது உங்கள் வீட்டு வழக்கம் என்றால், அதை மகனிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டுச் சின்னப் பையனைக் கோபித்து என்ன பயன்? "பூஜையில வச்சதை நாங்க சாப்பிட மாட்டோம் மிஸ், தேங்க்ஸ்" என்று சொல்லப் பழக்குங்கள். முகம் சுளிக்காமல் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளில் பலருக்கு 'ஹராம்' என்ற சொல் தெரிகிறது, மரியாதையாக மறுக்கத் தெரிவதில்லை. வீட்டில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுத்தானே வளர்கிறார்கள்.

பிள்ளை வளர்ப்பு என்றால் நான் திரும்பத் திரும்பப் போவது குர்ஆனின் 31ஆவது அத்தியாயமான லுக்மானுக்குத்தான். அல்லாஹ்வுக்கு இணை வைக்காதே என்று மகனிடம் பேச்சைத் தொடங்குகிறார் லுக்மான். அடுத்து பெற்றோரைப் பற்றிய வசனங்கள் வருகின்றன: இணை வைக்கச் சொல்லி அவர்களே வற்புறுத்தினாலும் கீழ்ப்படியாதே, ஆனால் இந்த உலகில் அவர்களோடு நல்லபடி நடந்துகொள். பிறகு லுக்மான் தொழச் சொல்கிறார். அதோடு நிறுத்தவில்லை. மக்களிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே, கர்வத்தோடு நடக்காதே, குரலைத் தாழ்த்திக்கொள் என்கிறார். நாம் முன்பாதியைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைக்கிறோம். பின்பாதியை ஏனோ ஓதிவிட்டுப் போய்விடுகிறோம்.

நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் வீட்டில் ஒருமுறை ஆடு அறுத்தார்கள். அவர் வந்ததும், "நம் பக்கத்து வீட்டு யூதருக்குக் கொடுத்தீர்களா?" என்று இரண்டு தடவை கேட்டதாகத் திர்மிதி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. அண்டை வீட்டாரைப் பற்றி வானவர் ஜிப்ரீல் வலியுறுத்திக்கொண்டே இருந்ததால், அவர்களை வாரிசாகவே ஆக்கிவிடுவாரோ என்று நபிகள் நாயகம் எண்ணிய ஹதீஸை அப்போது அவர் எடுத்துச் சொன்னார். உங்கள் வீட்டுப் பெருநாள் பிரியாணியை அடுத்த ஃப்ளாட்டுக்கு யார் கொண்டுபோகிறார்கள்? இனி பிள்ளைகளே கொண்டுபோகட்டும். (சைவக்காரர்கள் என்றால் சேமியா பாயசம்.) தீன் இதெல்லாம் சேர்ந்ததுதான் என்று அவர்களுக்குக் கையால் செய்துதான் புரியும்.

மகளின் கேள்வி நியாயமானது. நானாக இருந்தால் அனுப்புவேன். தோழியைப் பார்க்கப் போகிறாள், பொம்மைகளைப் பார்க்கிறாள், பேசிவிட்டு வருகிறாள். ஆரத்தி எடுக்கும்போது கலந்துகொள்ளாமல் ஒதுங்கி நின்றால் போதும். அது ஏன் என்று உங்கள் வாயால் அவளுக்கு விளக்குங்கள். இதை ஒப்புக்கொள்ளாத ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) உண்டு, உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். உங்கள் மனம் இடம் கொடுக்காவிட்டால் அனுப்ப வேண்டாம். ஆனால் காரணம் சொல்லுங்கள், தோழியின் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இழிவாகப் பேசாமல். எட்டாம் வகுப்புப் பெண் "வாயை மூடு" என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டாள்.

அப்புறம், பள்ளி மாற்றம். படிப்பு, தூரம், கட்டணம் பார்த்து மாற்றுவதென்றால் சரி. சுண்டலுக்காக வேண்டாம். இதை மாமாவிடம் நீங்கள் சொல்லாதீர்கள், உங்கள் கணவர் சொல்லட்டும்.