இடமதிப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

என் மகளுக்கு இடமதிப்பே புரிவதில்லை. என்ன செய்வது?
– ஒரு தாய், திருப்பூர்

எந்த வகுப்பு, எந்தக் கணக்கில் தடுமாறுகிறாள், என்ன விடை எழுதினாள் என்ற மூன்றில் ஒன்றைக்கூட எழுதாமல் தீர்வு கேட்டால், பொதுவாகத்தான் சொல்ல முடியும். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். குச்சியைக் கட்டி அவிழ்த்துப் பழகாத குழந்தைக்கு நோட்டில் கட்டம் போட்டுக் கொடுக்காதீர்கள். அடுத்த முறை அவள் போட்ட ஒரு கணக்கையாவது அனுப்புங்கள்.

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகன் 402 – 178 = 376 என்று எழுதியிருக்கிறான். நோட்டுப் பக்கத்தை இணைத்துள்ளேன். கவனக்குறைவுதானே?
– ஒரு தந்தை, கோபிசெட்டிபாளையம்

இல்லை. அந்தப் பக்கத்தை உற்றுப் பாருங்கள்: எட்டில் இரண்டு போக ஆறு, ஏழில் பூச்சியம் போக ஏழு, நான்கில் ஒன்று போக மூன்று. எந்த இடமானாலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிப்பது என்று அவனாகவே ஒரு விதியை வகுத்துக்கொண்டு, அதைப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறான். ஒரு நூறுக் கட்டை அவிழ்த்துப் பத்துக் கட்டுகளாக்கி, அவற்றில் ஒன்றை மறுபடியும் அவிழ்த்தால், 3 நூறுகள், 9 பத்துகள், 12 ஒன்றுகள் கையில் இருக்கும். அதிலிருந்து 178 போக 224. நடுவில் பூச்சியம் வரும்போது இப்படிக் கட்டை அவிழ்த்து அடுத்த இடத்துக்கு மாற்றும் இனமாற்றத்தைக் குச்சியில் செய்து பார்த்த பிறகே நோட்டுக்கு வர வேண்டும்.

பத்தால் பெருக்கக் கடைசியில் ஒரு பூச்சியம் சேர்க்கச் சொல்லிக்கொடுத்தோம். அதே பிள்ளைகள் இப்போது 3.5 × 10 = 3.50 என்கிறார்கள். ஏன்?
– ஓர் ஆசிரியை, ஈரோடு

சொன்னதைத்தான் செய்திருக்கிறார்கள். முழு எண்ணில் மட்டும் பலிக்கும் இந்தக் குறுக்குவழியைத் தொடக்க வகுப்புகளிலிருந்தே நீக்கிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். ஒவ்வோர் இடமும் அதற்கு முந்தைய இடத்தைப் போலப் பத்து மடங்கு என்று 499-ஆம் ஆண்டிலேயே ஆரியபட்டர் ஒரே வரியில் சொல்லிவிட்டார், பெருக்கலுக்கும் அந்த ஒரு வரி போதும். 35-ஐப் பத்தால் பெருக்கும்போது மூன்று பத்துகள் மூன்று நூறுகளாகவும் ஐந்து ஒன்றுகள் ஐந்து பத்துகளாகவும் இடம் பெயர்கின்றன; காலியான ஒன்றுகள் இடத்தைக் காட்டத்தான் அங்கே பூச்சியம் நிற்கிறது. 3.5-இல் மூன்று ஒன்றுகள் மூன்று பத்துகளாகவும், பத்தில் ஒன்றுகள் ஐந்தும் ஐந்து ஒன்றுகளாகவும் மாறுவதால் விடை 35. காலியான இடம் எதுவும் இல்லை, ஆகவே பூச்சியத்துக்கும் வேலை இல்லை. உங்கள் ஊர் மஞ்சள் மண்டியையே கணக்காகக் கொடுங்கள். கிலோ 140.50 ரூபாய் என்றால் நூறு கிலோ கொண்ட குவிண்டாலின் விலை என்ன? இரண்டு பூச்சியம் ஒட்டிய பிள்ளைக்கு 140.5000 வரும், இடம் நகர்த்திய பிள்ளைக்கு 14,050 வரும். இலக்க அட்டைகளை இடமதிப்புப் பட்டியலில் கையால் நகர்த்தச் சொல்லுங்கள். புள்ளி நகர்கிறது என்றும் சொல்லாதீர்கள், நகர்வது இலக்கங்களே.

முட்டை அட்டையை வைத்துப் பத்துகளைக் கற்பிக்கலாமா?
– ஒரு வாசகர், நாமக்கல்

முழு அட்டையாக வேண்டாம், அதில் முப்பது குழிகள். வரிசைக்கு ஐந்து குழியாக ஆறு வரிசை இருப்பதால், இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக் குழித் துண்டுகள் மூன்று கிடைக்கும். ஏழு என்பது ஓர் ஐந்தும் இரண்டும் என்று அதில் பார்த்ததுமே தெரியும். குச்சிக்கு அடுத்தபடியாக நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

4,072-இல் பூச்சியத்தின் இடமதிப்பு நூறா?
– ஒரு மாணவர், கரூர்

பூச்சியம்தான். அது நிற்கும் இடம்தான் நூறுகள் இடம்.

1234567-இல் காற்புள்ளியை எங்கே இடுவது?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

நம் முறையில் 12,34,567. பன்னாட்டு முறையில் 1,234,567. ஒரே விடைத்தாளில் இரண்டையும் கலக்க வேண்டாம்.