கொதிக்கும் தண்ணீரில் உடைவது எந்தப் பிணைப்பு?

“தண்ணீர் கொதிக்கும்போது பிணைப்பு உடைகிறது என்கிறார்கள், அப்படியானால் ஆவியில் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் தனித்தனியாகத்தானே இருக்க வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். முதலாண்டு விலங்கியலில் இந்தக் குழப்பம் வராதவர்கள் குறைவு. இரண்டு வேறு சங்கதிகளுக்குப் ‘பிணைப்பு’ என்று ஒரே பெயர் வைத்ததால் வந்த வினை இது.

ஒரு நீர் மூலக்கூறுக்குள் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்வது சகப்பிணைப்பு. அதை உடைக்க மோலுக்கு (மோல் என்பது துகள்களை எண்ணும் வேதியியல் அலகு) ஏறத்தாழ 460 கிலோஜூல் வேண்டும். ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பக்கத்து மூலக்கூறின் ஆக்ஸிஜன் இழுத்து வைத்திருப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. அதற்குச் சுமார் 20 போதும். அடுப்பில் அறுவது இது மட்டுமே. இட்லிப் பானையின் மூடியைத் திருப்பிப் பாருங்கள், சொட்டுவது தண்ணீர்தானே? ஹைட்ரஜன் வாயு வந்திருந்தால் அடுப்படியே வெடித்திருக்கும்!

கடலூர்க்காரர் என்கிறீர்கள், முதுநகர் துறைமுகத்தில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் துண்டு தண்ணீரில் மிதப்பதும் இதே பிணைப்பால்தான். உறையும்போது மூலக்கூறுகள் சற்று விலகி நின்று கூடு கட்டுகின்றன. பருமன் சுமார் 9 சதவீதம் கூடுகிறது, அதனால் அடர்த்தி குறைந்து ஐஸ் மிதக்கிறது.

உயிரியலில் ஹைட்ரஜன் பிணைப்பு பிழைப்பு நடத்தும் இடம், மரபுச் செய்தியைத் தாங்கும் இரட்டை இழை மூலக்கூறான டி.என்.ஏ. இரண்டு இழைகளிலும் எதிரெதிரே நிற்கும் காரங்களில் அடினின், தைமின் இடையே 2 ஹைட்ரஜன் பிணைப்புகள்; குவானின், சைட்டோசின் இடையே 3. டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். கருவியில் 95 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் இரண்டு இழைகளும் பிரிந்துவிடும். ஆனால் ஒவ்வோர் இழையும் முழுதாகவே இருக்கும், ஏனெனில் அதைக் கோத்திருப்பது சகப்பிணைப்பு.