கணுக்கால் முறிவில் ஜவ்வும் கிழிந்திருந்தால் ஸ்க்ரூ நல்லதா, பட்டன் முறை நல்லதா?

பைக்கிலிருந்து விழுந்த தம்பிக்கு ஆபரேஷன் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படி ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களை நடக்க வைக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். என்னைக் கேட்டால், ஸ்க்ரூவா பட்டனா என்பது இரண்டாவது கேள்விதான். முழங்காலுக்குக் கீழே இருக்கும் இரண்டு எலும்புகளில் வெளிப்பக்கத்துச் சின்ன எலும்பு, பெரிய எலும்பில் உள்ள பள்ளத்தில் பிசகாமல் உட்கார்ந்ததா என்பதே முதல் கேள்வி.

அந்த இரண்டு எலும்பையும் முன்னும் பின்னும் ஜவ்வுகள்தான் இழுத்துப் பிடித்திருக்கின்றன. அவை கிழிந்தால் மூட்டு அகன்றுவிடும். அந்த இரண்டுக்கும் கீழே மூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் பாத எலும்பு வெளிப்பக்கமாக 1 மி.மீ. நகர்ந்தாலே மூட்டு ஒட்டும் பரப்பு 42 சதவீதம் குறைகிறது என்று 1976லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். பாரம் சின்ன இடத்தில் விழும், குருத்தெலும்பு தேயும்.

ஸ்க்ரூ இரண்டு எலும்பையும் இறுக்கிப் பிடிக்கும். ஆனால் நடக்கும்போது அவை இயல்பாகவே கொஞ்சம் அசையும். அதனால் ஸ்க்ரூ தளரலாம், உடையவும் செய்யலாம். எக்ஸ்ரேயில் உடைந்த ஸ்க்ரூவைப் பார்த்து ஆடிப்போய் வருவார்கள்; பெரும்பாலும் அதனால் கெடுதல் இல்லை. முன்பெல்லாம் எல்லோருக்கும் கழற்றிவிடுவார்கள். தொந்தரவு கொடுத்தால் மட்டும் கழற்றினாலும் பலன் குறையவில்லை என்று நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது.

பட்டன் முறையில் உறுதியான நூலை எலும்புகளின் குறுக்கே கோத்து இரு பக்கமும் உலோகப் பட்டனால் இறுக்குவார்கள். கொஞ்சம் அசைய விடும்; கழற்ற வேண்டிய தேவையும் குறைவு. நார்வேயில் 97 பேரை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஆய்வில், இரண்டு வருடம் கழித்து பட்டன் போட்டவர்களின் கணுக்காலே மேலாக இருந்தது. விலைதான் கூடுதல். சின்ன எலும்பு நொறுங்கிக் குட்டையாகியிருந்தால், நூல் மட்டும் அதன் நீளத்தைக் காப்பாற்றாது.

பலர் கேட்கத் தவறுவது ஒன்று உண்டு. பின்பக்கம் எலும்புத் துண்டு பெயர்ந்திருக்கிறதா? பின் ஜவ்வு அந்தத் துண்டில்தான் ஒட்டியிருக்கும். துண்டை அதன் இடத்தில் பொருத்தினால் ஜவ்வும் தானாக இறுகும். இறந்தவர்களின் கால்களில் செய்த சோதனையில், இப்படிச் செய்தபோது 70 சதவீத உறுதி திரும்பியது. குறுக்கு ஸ்க்ரூ மட்டும் போட்டபோது 40தான். அதனால் சிலருக்கு ஸ்க்ரூ, பட்டன் இரண்டுமே தேவைப்படாமல் போகலாம்.

உள்பக்க ஜவ்வு, வெளிப்பக்கம் சரியானால் பெரும்பாலும் தானே ஆறிவிடும். மூட்டுக்குள் மடிந்து சிக்கிக்கொண்டால் திறந்துதான் ஆக வேண்டும்.

அப்புறம், ஆபரேஷன் முடிந்ததும் இரண்டு கணுக்காலுக்கும் சேர்த்து சிடி ஸ்கேன் எடுப்பீர்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். 2006இல் வந்த ஓர் ஆய்வில் 25 பேரில் 6 பேருக்குத்தான் எக்ஸ்ரேயில் பிசகு தெரிந்தது. சிடியில் 13 பேருக்கு. பிசகு ஆரம்பத்திலேயே தெரிந்தால் சரிசெய்வது எளிது. மாதக்கணக்கில் கழித்து, குத்தவைத்து உட்கார முடியவில்லை என்று என்னிடம் வரும்போது வெறும் பயிற்சியால் அதைத் திருத்த முடிவதில்லை.

தம்பிக்குச் சர்க்கரை இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கூடுதல் ஸ்க்ரூ போட்டு, ஊன்றி நடக்கவும் அதிக நாள் காத்திருக்கச் சொல்வார்கள்.